ரொட்டிக்குக் காவல் நின்றவர்

நேயர்களுக்கு வணக்கம். நீதிமன்றத்தில் வழக்கறிஞர்கள் நீதிபதியை ‘மை லார்டு’ என்று விளிப்பதைக் கேட்டிருப்பீர்கள். அந்த லார்டு என்ற சொல்லைப் பிட்டுப் பார்த்தால் உள்ளே ஒரு ரொட்டி இருக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் இது ‘ஹ்லாஃபோர்ட்’. அதற்கும் முந்தைய வடிவம் ‘ஹ்லாஃப்வெயர்ட்’. ஹ்லாஃப் என்றால் ரொட்டி, வெயர்ட் என்றால் காவலர். பேக்கரியில் முழு ரொட்டியை லோஃப் என்கிறோமே, அது அந்த ஹ்லாஃப்தான். முதலில் முன்னால் நின்ற ஹ் உதிர்ந்தது; ‘லவர்டு’ என்றானது. பிறகு நடுவில் இருந்த வகரமும் கரைந்து லார்டு மிஞ்சியது. நம் ஊரில் ‘படியளப்பவர்’ என்று சொல்வோமே, ஏறக்குறைய அந்தப் பொருள்தான். வீட்டில் தானியம் யார் பொறுப்பில் இருந்ததோ அவரே தலைவர்.

அப்படியானால் லேடி? ‘ஹ்லாஃப்டிகே’ என்பது பழைய வடிவம். ரொட்டிக்கு மாவு பிசைபவள் என்று சொல்லாராய்ச்சியாளர்கள் பொருள் கொள்கிறார்கள். பிசைந்த மாவைக் குறிக்கும் ‘டோ’ என்ற சொல்லுக்கு அதன் பின்பாதி உறவு. மாவு பிசைந்த கையைக் குறித்த சொல் அரியணை வரை போயிருக்கிறது. ஆல்ஃபிரட் மன்னரின் மகள் எதெல்ஃபிளாட், கணவர் 911இல் இறந்தபின் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருந்த மெர்சியா நாட்டைத் தானே ஆண்டார். கோட்டைகள் கட்டினார், 917இல், கடல்வழி வந்து குடியேறிய வைக்கிங்குகளிடமிருந்து டெர்பி நகரைக் கைப்பற்றினார். அவருக்கு வழங்கிய பட்டம் ‘மெர்சியர்களின் லேடி’. இத்தனை பெரிய சொல் இன்று கழிப்பறைக் கதவுகளில் ஒட்டிக்கிடப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

ரொட்டிக்கே பெயர் மாறிப்போனது தனிக்கதை. பிரெட் என்ற சொல் முதலில் துண்டு, கவளம் என்ற பொருளில் இருந்ததாகக் கருதப்படுகிறது. பிறகு அதுவே ரொட்டிக்குப் பெயராகிவிட, லோஃப் ஒரு முழு ரொட்டியை மட்டும் குறிக்கும் அளவுக்குச் சுருங்கியது. ஆகஸ்ட் 1ஆம் நாள் புதுக் கோதுமை ரொட்டியைத் தேவாலயத்துக்குக் கொண்டுபோகும் திருநாளான ‘லாமஸ்’ என்ற பெயரிலும் அந்தப் பழைய ஹ்லாஃப் ஒளிந்திருக்கிறது.

ரொட்டியைக் காத்தவரும் பிசைந்தவளும் இருந்தால், உண்டவர் என்று ஒருவர் இருக்க வேண்டுமே? இருந்தார். ‘ஹ்லாஃபேட்டா’, அதாவது ரொட்டி உண்பவர். வீட்டுத் தலைவரின் உணவில் வாழ்ந்த பணியாளருக்கு அதுதான் பெயர். ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்று வளர்ந்த நமக்கு இந்தப் பெயர் சட்டென்று விளங்கும். இங்கிலாந்தின் தென்கிழக்கில் இருந்த கென்ட் நாட்டு மன்னர் எதெல்பெர்ட் ஏறத்தாழ கி.பி. 600இல் வகுத்த சட்டம், ஆங்கிலத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சட்டம். அதில் ஒரு வரி: சாதாரணக் குடியானவர் ஒருவரின் ரொட்டி உண்பவரைக் கொன்றவர் 6 ஷில்லிங் ஈடு கொடுக்க வேண்டும்.

லார்டு பிரிட்டன் நாடாளுமன்றத்தில் ஓர் அவைக்கே பெயராகிவிட்டார். லேடி உலகமெல்லாம் பரவிவிட்டார். அவர்கள் வீட்டில் உண்டு உழைத்தவரின் பெயரை மட்டும் மொழி கைவிட்டுவிட்டது. எதெல்பெர்ட்டின் சட்டத்துக்கு 12ஆம் நூற்றாண்டில் கென்ட்டின் ரோச்செஸ்டர் தேவாலயத்தில் எடுக்கப்பட்ட கையெழுத்துப் படியில், அந்த ஒற்றை வரியில், 6 ஷில்லிங் விலையோடு அந்தப் பெயர் இன்னும் இருக்கிறது.

வணக்கம்.