மானிய நிலமும் ஒரு சட்டசபை உறுப்பினரும்

(ஒரு கல்லூரி மாணவர் மன்றத் தொடக்க விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

சட்டமன்ற உறுப்பினருக்கு என்னதான் வேலை என்று பேசச் சொன்னீர்கள். நான் சில வருஷம் ஒரு எம்.எல்.ஏ. அலுவலகத்தில் மனு வாங்கிப் பதிவு செய்கிற வேலையில் இருந்தவன். காலை ஏழு மணிக்கே வாசலில் ஆள் உட்கார்ந்திருக்கும். ஒருநாள் ஒரு பாட்டி மஞ்சள் பைக்குள்ளிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினார். முதியோர் பணம் நாலு மாசமாக வரவில்லை. விசாரித்துப் பார்த்தால், ஊரை விட்டுப் போய் ஆறு வருஷம் ஆன மகனின் பெயர் ரேஷன் அட்டையில் அப்படியே இருந்தது. சம்பாதிக்கிற மகன் கூடவே இருப்பதாகக் கணக்கு. நாங்கள் பணத்துக்கு அலைந்துகொண்டிருந்தோம், முடிச்சு அட்டையில் கிடந்தது.

டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மஞ்சள் பைதான் ஞாபகம் வரும்.

1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1912-இல் டாக்டராக வெளியே வந்தார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபைக்குள் போன முதல் பெண் அவர்தான். நியமன உறுப்பினராகப் போனவரை அந்தச் சபையே துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. 1927-இல், சிறுமிகளுக்குப் பொட்டுக்கட்டி, அதாவது தாலி கட்டுவதுபோல் சடங்கு செய்து, கோயில் ஊழியத்துக்கு விட்டுவிடும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று அங்கே தீர்மானம் கொண்டுவந்தார்.

தீர்மானம் நிறைவேறியது. சரி, அதோடு வழக்கம் நின்றுவிடுமா?

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். இப்படிக் கோயிலுக்கு விடப்பட்ட பெண்கள்தான் தேவதாசிகள். அவர்களுடைய குடும்பங்கள் பலவற்றுக்குக் கோயில் மானிய நிலம் இருந்தது. ஊழியம் நடக்கும் வரைதான் அந்த நிலம். ஊழியம் நின்றால் நிலமும் போய்விடும். வீட்டில் மூத்தவளுக்கு வயதாகிவிட்டால், அவள் இடத்துக்கு ஒரு சின்னப் பெண் வேண்டும். பெற்ற பெண் இல்லையென்றால் தத்தெடுத்தாவது பொட்டுக்கட்ட வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் பக்தி என்றார்கள், ஒழுக்கக்கேடு என்றார்கள். வீட்டுக்குள் அது சோற்றுப் பிரச்சினை.

முத்துலெட்சுமி அம்மையார் கைவைத்தது அந்த இடத்தில். இந்து அறநிலையச் சட்டத்தில் அவர் கொண்டுவந்த திருத்தம் 1929-இல் சட்டமானது. நிலத்தையும் ஊழியத்தையும் அது பிரித்தது. இனி ஊழியம் செய்யாவிட்டாலும் அந்தப் பெண் நிலத்தை அனுபவிக்கலாம். நிலத்தைக் காப்பாற்ற இன்னொரு குழந்தையைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் அறுந்தது. நம் சட்டசபைகளில் நடந்த நல்ல காரியங்களைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

எதிர்ப்பு இல்லாமலா? காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி எதிர்த்தார். தேவதாசிகளின் சங்கமே எதிர்த்து மனு கொடுத்தது. தங்கள் கலையும் மானமும் சேர்ந்து போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். அதே வழக்கத்தை அனுபவித்து வெளியே வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், சபைக்கு வெளியே ஊர் ஊராகப் போய் ஒழிப்புப் பிரச்சாரம் செய்தார். உள்ளே ஒருவர், தெருவில் ஒருவர்.

பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் மசோதா அடுத்து வந்தது. ஆனால் 1930-இல் காந்தியடிகள் கைதானதும் அம்மையார் பதவியை ராஜினாமா செய்துவிட்டார். அந்தத் தடை சட்டமாக 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பதினேழு வருஷம்! அந்த இடைவெளியில் எத்தனை பிள்ளைகளுக்குப் பொட்டுக்கட்டினார்களோ என்று நினைத்தால் மனசு கனக்கிறது.

ராஜினாமா செய்தவர் வீட்டுக் கதவைச் சில பெண்கள் வந்து தட்டினார்கள். பொட்டுக்கட்டும் குடும்பங்களிலிருந்து தப்பி வந்தவர்கள். படிக்க ஆசை, ஆனால் எந்த விடுதியும் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சட்டம் பேசியவர் நீங்கள்தானே, இப்போது நாங்கள் எங்கே போவது என்று அவர்கள் வாய்விட்டுக் கேட்டார்களா தெரியாது. வாசலில் வந்து நின்றதே அந்தக் கேள்விதான். தன் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அப்படி உருவானதுதான் ஔவை இல்லம். அடையாறில் இன்றும் பெண் பிள்ளைகள் அங்கே தங்கிப் படிக்கிறார்கள்.

அப்புறம் புற்றுநோய் மருத்துவமனை. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். அதற்கென்று ஒரு மருத்துவமனை வேண்டும் என்று பல வருஷம் விடாமல் கேட்டு, நிதி திரட்டி, 1954-இல் அடையாறில் திறந்தபோது அவருக்கு 68 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. முதல் நாள் அங்கே இருந்தவை 12 படுக்கைகள்.