கூலி இல்லாத விமர்சகர்கள்

அவையோருக்கு வணக்கம்.

1917 ஆகஸ்டில் அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரில் ஒரு மாநாடு கூடியது. வந்திருந்த 200க்கும் மேற்பட்ட பெண்களும் மேடம் சி. ஜே. வாக்கருடைய விற்பனை முகவர்கள், கறுப்பினப் பெண்கள். வாக்கர் 1867-ல் லூசியானாவின் பருத்தித் தோட்டமொன்றில் பிறந்தவர். துணி வெளுத்துப் பிழைத்து, பிறகு தலைமுடித் தைலம் விற்றுப் பெரும் செல்வம் சேர்த்தவர். அவருடைய முகவர்கள் வீடு வீடாகப் போய்த் தலையைக் கழுவிக் காட்டி, தைலம் தடவிக் காட்டி விற்றார்கள். விற்ற டப்பாவுக்குக் கமிஷன் உண்டு. அந்த மாநாட்டில் அதிகம் விற்றவருக்கும் பரிசு, அதிகம் தருமம் செய்தவருக்கும் பரிசு.

நூறு வருஷம் கழித்து அதே வேலையைக் கறுப்பினப் பெண்கள் கைபேசிக் கேமரா முன்னால் செய்கிறார்கள். கழுவிக் காட்டுகிறார்கள், தடவிக் காட்டுகிறார்கள், ஆயிரம் பேருடைய சந்தேகத்துக்குப் பதில் சொல்கிறார்கள். மிகப் பெரும்பாலோருக்குக் கிடைப்பது ஓசியில் வந்த ஒரு டப்பா. பலருக்கு அதுவும் இல்லை, காசு கொடுத்து வாங்கித்தான் விமர்சிக்கிறார்கள். இவர்கள் உண்டாக்கிய சந்தையில் வளர்ந்த நிறுவனங்கள் இவர்களுக்கு எவ்வளவு விசுவாசமாக இருக்கின்றன என்பதே இன்றைய பேச்சு. விசுவாசத்தை அறிக்கையில் தேடாதீர்கள். டப்பாவின் பின்பக்கத்திலும் ஒப்பந்தத்தின் பொடி எழுத்திலும் தேடுங்கள்.

இந்த விமர்சகர்கள் ஏன் தேவைப்பட்டார்கள்? பல பத்தாண்டுகளாகக் கறுப்பினப் பெண்களுக்கு விற்கப்பட்டது முக்கியமாக ரிலாக்ஸர். சோடியம் ஹைட்ராக்சைடு, அல்லது கால்சியம் ஹைட்ராக்சைடோடு குவானிடின் கார்பனேட் கலந்த களிம்பு அது. முடியின் புரதப் பிணைப்புகளை மாற்றி நிரந்தரமாக நேராக்கும். வேரில் புதுமுடி சுருண்டு வளர வளர, ஆறு எட்டு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும். முடி நேராக்கும் பொருள்களை வருஷத்தில் நான்கு தடவைக்கு மேல் பயன்படுத்திய பெண்களுக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 4.05 சதவீதம், பயன்படுத்தாதவர்களுக்கு 1.64 சதவீதம் என்று 2022-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வு மதிப்பிட்டது. ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே பெண்கள் ரிலாக்ஸரை விட ஆரம்பித்துவிட்டார்கள். ரிலாக்ஸர் பட்ட முடியை ஒட்ட வெட்டி எறிந்து, பிறவிச் சுருளை வளர்த்தார்கள். (ரிலாக்ஸருக்குப் பக்கத்திலேயே சவுரிச் சந்தையும் உண்டு. பழனியிலும் திருத்தணியிலும் நாம் இறக்கும் முடி ஏலம் போய், கடல் தாண்டிச் சவுரியாகிறது. அது தனிக் கதை.)

வெட்டிய பிறகு யோசனை கேட்க ஆளில்லை. சிறுவயது முதலே ரிலாக்ஸர் போட்டு வளர்ந்தவர்களுக்குத் தங்கள் சொந்த முடியே புதிது. பல சலூன்களுக்கும் நேராக்கத்தான் தெரியும். 2008-ஐ ஒட்டி யூடியூபில் பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள். அவர்கள் சொல்லிக்கொடுத்தது லேசுப்பட்ட விஷயமில்லை. நெருங்கிய சுருளில் தலைத்தோலின் எண்ணெய் நுனிவரை இறங்காது. ஒவ்வொரு வளைவும் முறியக்கூடிய இடம். ஆகவே உலர்ந்த முடியில் சீப்பு வைக்கக் கூடாது. முடியை நாலு முதல் எட்டுப் பாகமாகப் பிரித்து, ஈரத்தோடு கண்டிஷனர் தடவி, நுனியிலிருந்து வேரை நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். காய்ந்தால் நீளத்தில் பாதிக்கும் மேல் சுருங்கிவிடும் என்பதால் முறுக்கியோ பின்னியோ காயவிட வேண்டும். ஒரு கழுவலுக்கு அரை நாள் போய்விடும். 237 மில்லி டப்பா மூன்று நான்கு கழுவலில் தீர்ந்துவிடுவது அடர்ந்த முடிக்காரர்களுக்குச் சாதாரணம்.

நிறுவனங்களுக்கு இது தானாக வந்த ஆய்வுக்கூடம். எந்தக் கிரீம் எந்த ஜெல்லோடு சேராது என்பதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்களும் இவர்கள்தான். ஓர் உதாரணம் பாருங்கள். ஜெல் போட்டுக் காய்ந்ததும் முடியெல்லாம் வெள்ளைத் தூள் உதிர்கிறது, பொடுகோ என்று பயப்படுகிறார்கள். பல நேரம் பொடுகு அல்ல. கார்போமர் என்ற கெட்டிப்படுத்தும் பொருள் சேர்ந்த ஜெல் எதிர்மின் தன்மை உடையது. பெஹன்ட்ரைமோனியம் என்ற மென்மையாக்கும் பொருள் சேர்ந்த, தடவிக் கழுவாமல் விடும் கண்டிஷனர் நேர்மின் தன்மை உடையது. இரண்டும் சந்தித்தால் திரிந்து கட்டிகட்டியாகும். இரண்டிலும் ஒரு பட்டாணி அளவு எடுத்து உள்ளங்கையில் குழைத்துப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் தலைக்குப் போகலாம், தயிர்போலத் திரிந்தால் வேண்டாம். இந்தச் சோதனையை டப்பாக்களில் எங்கே அச்சிட்டிருக்கிறார்கள்? கண்ணாடி முன் நின்று ஒரு பெண் செய்து காட்டியதால்தான் பரவியது. அதனால் குறைந்த புகாரும் திரும்பி வராத டப்பாவும் நிறுவனத்துக்கு லாபம்.

சரி, நிறுவனங்கள் பதிலுக்கு என்ன செய்தன?

ஷியா மாய்ஸ்சர் கறுப்பினப் பெண்கள் கொண்டாடிய பிராண்ட். லைபீரியாவிலிருந்து வந்த ரிச்சலு டென்னிஸ் 1991-ல் நியூயார்க்கில் தொடங்கிய நிறுவனத்துடையது. 2015-ல் முதலீட்டு நிறுவனமான பெய்ன் கேப்பிடல் பங்கு வாங்கியது. 2017 ஏப்ரலில் வந்த விளம்பரத்தில் தன் முடியை வெறுத்த கதையைச் சொன்னவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பெண்கள். கறுப்பினப் பெண் என்று காட்டியவருக்கும் தளர்ந்த சுருள்தான். பள்ளியிலும் அலுவலகத்திலும் முடிக்காக அவமானப்பட்டவர்கள் யார் என்று எல்லோருக்கும் தெரியும். கொதித்துப்போனார்கள். கம்பெனி விளம்பரத்தை எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டது. அதே ஆண்டு நவம்பரில் யூனிலீவர் கம்பெனியையே வாங்குவதாக அறிவித்தது.

அடுத்தது மியெல் ஆர்கானிக்ஸ். செவிலியராக இருந்த மோனிக் ரோட்ரிகஸ் 2014-ல் தொடங்கியது. 59 மில்லி ரோஸ்மேரி மின்ட் எண்ணெய், சுமார் பத்து டாலர், கறுப்பினப் பெண்கள் விமர்சித்து விமர்சித்து நிலைநிறுத்திய பொருள். 2022 டிசம்பர் இறுதியில் டிக்டாக்கில் அலிக்ஸ் எர்ல் என்ற வெள்ளைக்காரப் பெண் அதைப் புகழ்ந்தார். கடைகளில் சரக்கு காலி. பழைய வாடிக்கையாளர்களுக்குக் கிடைக்கவில்லை. 2023 ஜனவரியில் பிராக்டர் அண்ட் கேம்பிள் என்ற பெரிய நிறுவனம் மியெல்லை வாங்குவதாகச் செய்தி வந்தது. சேர்மானத்தை மாற்றிவிட்டார்கள் என்று புகார் கிளம்பியது, நிறுவனர் மறுத்தார். கம்பெனியை விற்றதே துரோகம் என்று நான் சொல்லமாட்டேன். கறுப்பின முதலாளி மட்டும் லாபத்துக்கு விற்கக் கூடாது என்பது என்ன நியாயம்? என் கேள்வி விற்றதைப் பற்றியதல்ல. பெயர் தெரியாத காலத்தில் கூவி விற்றவர்களைக் கறிவேப்பிலையாக ஒதுக்கிவிடுவதைப் பற்றியது.

சேர்மானம் மாறியதா என்பதை வதந்தியை வைத்து முடிவு செய்யத் தேவையில்லை, பின்பக்கத்தைப் படிக்கத் தெரிந்தால் ஓரளவு பிடிபடும். அமெரிக்காவில் அழகுப் பொருளின் சேர்மானங்களை அளவில் அதிகமானதிலிருந்து குறைந்தது என்ற வரிசையில் அச்சிட வேண்டும். ஒரு சதவீதமோ அதற்குக் குறைவோ உள்ளவற்றை எந்த வரிசையிலும் போடலாம். அந்த எல்லை எங்கே என்று ஊகிக்க ஒரு வழி உண்டு. ஃபீனாக்சிஎத்தனால் என்ற பதனப் பொருளை வழக்கமாக ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்ப்பதில்லை. முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்ட ஷியா வெண்ணெய், பின்பக்கத்தில் ஃபீனாக்சிஎத்தனாலுக்குப் பிறகு வந்தால், அது பெயருக்குத்தான் இருக்கிறது. பழைய டப்பாவின் படமும் புது டப்பாவின் படமும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெண்ணெய் இரண்டு இடம் கீழே இறங்கியதா, மலிவான எண்ணெய் மேலே ஏறியதா என்பது தெரியும். ஒன்று மட்டும் தெரியாது. வரிசை மாறாமலே எட்டுச் சதவீதம் ஐந்தாகியிருக்கலாம்.

விமர்சிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரே நாளில் ஷாம்பு, கண்டிஷனர், ஜெல் மூன்றையும் புதிதாகப் போட்டுவிட்டு ஜெல்லைக் குறை சொன்னால் அது விமர்சனம் ஆகாது. முதலில் பழைய பொருள்களின் படிவு போகக் கழுவுங்கள். வழக்கமாகப் போடுவதில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பாதித் தலைக்குப் பழையது, பாதித் தலைக்குப் புதியது. குறைந்தது மூன்று கழுவல், அதிலும் முதல் நாள் படத்தோடு நாலாம் நாள் படமும் வேண்டும். அன்றைய ஈரப்பதத்தையும் குறியுங்கள், ஏனென்றால் கிளிசரின் அதிகமுள்ள கிரீம் புழுக்கமான நாளில் காற்றின் ஈரத்தை இழுத்துச் சுருளைக் கலைத்துவிடும். புழுக்கமான ஹூஸ்டனில் கோடையில் திட்டு வாங்கும் அதே டப்பா வறண்ட டென்வரில் பாராட்டு வாங்கலாம்.

இப்போது கூலி. 'உங்களுக்கு ஒரு பரிசுப் பெட்டி அனுப்புகிறோம்' என்று நிறுவனம் எழுதும். 14 டாலர் டப்பாவுக்கு அரை நாள் கழுவல், நாலு நாள் கவனிப்பு, ஒரு ராத்திரி வீடியோ வெட்டி ஒட்டல். அதோடு பெட்டியோடு வரும் நிபந்தனையில், உங்கள் முகத்தையும் குரலையும் நிரந்தரமாக, உலகம் முழுவதும், கட்டணமின்றிப் பயன்படுத்தும் உரிமை என்ற வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். விளம்பரமாக ஓட்டும் உரிமையை 30 நாள், 60 நாள் என்று காலம் குறித்து, தனி விலை போட்டு விற்கலாம். வேறு பிராண்டைத் தொடக் கூடாது என்று கேட்டால், 'முடிப் பொருள்' என்று மொத்தமாக ஒத்துக்கொள்ளாமல் 'ஜெல்' என்று சுருக்குங்கள். பணம் எத்தனை நாளில் வரும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

ஓசி டப்பா வாங்கினால் அதைச் சொல்லியாக வேண்டும். 2009-லேயே அமெரிக்க வர்த்தக ஆணையம் தன் வழிகாட்டு நெறிகளில் இதைத் தெளிவாக்கிவிட்டது. வீடியோவின் அடியில் மடிந்து கிடக்கும் குறிப்பில் ஒளித்தால் போதாது, வீடியோவிலேயே சொல்ல வேண்டும். 2024 அக்டோபரில் நடப்புக்கு வந்த விதி இன்னும் கடுமை. நல்லபடி எழுதினால்தான் சன்மானம் என்று வெளிப்படையாகவோ ஜாடையாகவோ நிபந்தனை வைப்பது விதிமீறல். அப்போதைய அபராத உச்சவரம்பு ஒரு மீறலுக்கு 51,744 டாலர். குறை சொன்ன மாதத்திலிருந்து பெட்டி வருவது நின்றுவிட்டால் அதை நிரூபிப்பது கஷ்டம். 'நல்ல வார்த்தை எழுதினால் அடுத்த பெட்டி' என்று மின்னஞ்சல் வந்தால் அழிக்காமல் வையுங்கள்.

கடைசியாக, பழைய விமர்சனங்கள். 2015-ல் போட்ட பாராட்டு வீடியோ இன்றைக்கும் ஆள் சேர்க்கிறது. டப்பாவுக்குள் இருப்பது 2015-ன் சேர்மானம்தானா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. சேர்மானத்தை மாற்றும் நிறுவனம் அதை டப்பாவின் முன்பக்கத்தில் சொல்லட்டும் என்பது என் கோரிக்கை. அது நடக்கும்வரை, விமர்சனம் செய்கிறவர்கள் டப்பாவின் அடியில் அச்சிட்ட தயாரிப்புத் தொகுதி எண்ணையும் பின்பக்கச் சேர்மானப் பட்டியலையும் வீடியோவில் இரண்டு விநாடி காட்டிவிடுங்கள். மாறிவிட்டது என்று தெரியவந்தால் பழைய வீடியோவின் தலைப்பிலேயே தேதியோடு எழுதுங்கள்: 'இது பழைய சேர்மானம். புதியதை நான் சோதிக்கவில்லை.'