இரண்டு கிரவுண்டு, ஒரே முழங்கால்

மாணவ மாணவியரே, பெற்றோர்களே, என்னோடு கிரவுண்டில் நிற்கும் பயிற்சியாளர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

இந்த அரங்கில் ஒன்றுக்கு மேற்பட்ட விளையாட்டு ஆடுகிறவர்கள் கொஞ்சம் கையைத் தூக்குங்கள். கோச் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை, தூக்குங்கள். சரி, இறக்கிக்கொள்ளுங்கள். நான் பேச வந்தது உங்களுக்காகத்தான்.

பள்ளியில் இரண்டையும் சமாளித்திருப்பீர்கள். கல்லூரிக்கு வந்து ஒரு வருடம் ஆவதற்குள் யாராவது தோளில் கை போட்டு, "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் வேண்டாம்ப்பா, ஏதாவது ஒண்ணை முடிவு பண்ணு" என்று சொல்லியிருப்பார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் பல நேரம் அந்த முடிவை ஆடுகிற பிள்ளை எடுப்பதே இல்லை. அதிகமாகச் சத்தம் போடுகிற கோச் எடுக்கிறார். போட்டி அட்டவணை எடுக்கிறது. சில சமயம் ஒரு காயம் எடுக்கிறது. அந்தத் தவறை நானும் செய்யப் பார்த்தேன், அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

பல வருடம் முன்னால் என்னிடம் உயரம் தாண்டுதலுக்கு ஒரு மாணவி வந்துகொண்டிருந்தாள். காலையில் என்னிடம், மாலையில் வாலிபால் கோர்ட்டில். அங்கே அவள் அட்டாக்கர், நெட்டுக்கு மேல் எழும்பி ஸ்மாஷ் அடிக்கிறவள். ஒரு நாள் பயிற்சி முடிந்து மெத்தை ஓரமாக உட்கார்ந்து, பேப்பர் கப்பில் உறைய வைத்த ஐஸை இடது முழங்காலில் தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். ஒற்றை விரலை வைத்துக் காட்டினாள். முழங்கால் சில்லுக்கு நேர் கீழே, ஒரு பட்டாணி அளவு இடம். எகிறி எகிறி ஆடுகிறவர்களுக்கு வருகிற வலி அது, வாலிபாலில் மிகவும் சகஜம். சில்லையும் கால் எலும்பையும் இணைக்கிற தசைநாண், தாங்குகிற அளவுக்கு மேல் திரும்பத் திரும்ப இழுபடுவதால் வருவது. தசை சீக்கிரம் பழகிவிடும், தேறிவிடும். தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அது தேறுவதற்கு மாதக்கணக்கு ஆகும்.

வாலிபால் கோச்சிடம் போய்ப் பேசினேன். "நான் எல்லாருக்கும் கொடுக்கிற பிராக்டிஸ்தான் அவளுக்கும். வேற யாருக்கும் வலி இல்லையே சார்" என்றார். உண்மைதான். என்னுடைய பயிற்சியும் எல்லாருக்கும் கொடுக்கிறதுதான்.

அப்புறம் அவள் கையில் ஒரு நோட்டைக் கொடுத்து, ஒரு வாரம் தரையை விட்டு எத்தனை முறை எழும்புகிறாய் என்று எண்ணி எழுதச் சொன்னேன். நோட்டு திரும்பி வந்தது. மாலையில் ஸ்மாஷ், பிளாக், ஆட்டம் எல்லாம் சேர்த்து ஒரு நாள் 130, இன்னொரு நாள் 145. காலையில் என்னிடம் கம்பிக்கு மேல் 18. அதற்கு முன்னால் நான் கொடுத்த ஹர்டில் தாவல்கள் 60. அவர் கணக்கைத் தனியாகப் பார்த்தால் சரி. என் கணக்கும் தனியாகப் பார்த்தால் சரி. இரண்டையும் கூட்டிப் பார்த்தது அந்த முழங்கால் மட்டும்தான்.

இன்னொன்றையும் அப்போதுதான் உட்கார்ந்து யோசித்தேன். ஸ்மாஷ் அடிக்க வருகிறவர் கடைசி இரண்டு அடியில் பிரேக் போட்டு, இரண்டு காலையும் ஊன்றி, நேர் மேலே எழும்ப வேண்டும். முன்னால் போனால் நெட்டில் மோதிவிடுவார். உயரம் தாண்டுதலில் வளைவாக ஓடி வந்து, உடம்பை வளைவின் உள்பக்கம் சாய்த்து, வேகத்தை விடாமல் ஒற்றைக் காலில் எழும்ப வேண்டும். வாலிபால் அதிகமாக ஆடிய வாரங்களில் அவள் கடைசி அடியில் தயங்குவாள், இடுப்பு லேசாகத் தாழும், கம்பி விழும். நான் அதைக் கவனக்குறைவு என்று திட்டியிருக்கிறேன். ஒரே உடம்புக்குக் காலையில் ஒன்றும் மாலையில் அதற்கு எதிரானதும் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அந்தத் திட்டு அவளுக்குச் சேர வேண்டியதே இல்லை.

இவ்வளவு தெரிந்த பிறகும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வாலிபாலை விட்டுடும்மா" என்றேன். அவள் உயரமும் அந்த நீளமான காலும் உயரம் தாண்டுதலுக்கென்றே படைத்தது என்று எனக்கு ஒரு நினைப்பு. அவள் பதறவில்லை. "இந்த சீசன் முடியட்டும் சார், சொல்றேன்" என்றாள். எனக்கு அன்றைக்கு வருத்தம்தான். இன்றைக்கு யோசித்தால், அவள் கேட்டதைவிடச் சரியான ஒன்றை யாரும் கேட்டிருக்க முடியாது.

கைலர் மர்ரேயை எடுத்துக்கொள்ளுங்கள். ஓக்லஹோமா பல்கலைக்கழக மாணவர், பேஸ்பாலும் ஆடினார், அமெரிக்க ஃபுட்பாலும் ஆடினார். அங்கே தொழில்முறை அணிகள் வருடா வருடம் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும்; அப்படி 2018 ஜூனில் ஓக்லண்ட் பேஸ்பால் அணி முதல் சுற்றிலேயே, 9வது ஆளாக அவரை எடுத்தது. ஒப்பந்தம் 46 லட்சம் டாலருக்கு மேல். அதில் கையெழுத்துப் போடும்போதே கல்லூரிக்காக இன்னும் ஒரு ஃபுட்பால் சீசன் ஆட அனுமதி வாங்கிக்கொண்டார். அந்த ஒரு சீசனில்தான் கல்லூரி ஃபுட்பாலின் மிகப்பெரிய கௌரவமான ஹைஸ்மன் விருது அவருக்கு வந்தது. 2019 பிப்ரவரியில் ஃபுட்பால்தான் என்று அறிவித்தார், பேஸ்பாலுக்காக வாங்கிய பணத்தில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தார். ஏப்ரலில் அரிசோனா அணி அவரை என்.எஃப்.எல். என்ற தொழில்முறை ஃபுட்பால் லீக்கின் தேர்வில் முதல் ஆளாக எடுத்தது. எல்லாருக்கும் இப்படி ஒரு வருடம் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு சீசன் கேட்டுப் பார்க்கலாம். பயிற்சியாளர்களே, கேட்டால் கொடுங்கள்.

இன்னொரு அமெரிக்க வீரர் போ ஜாக்சன், அவர் கதை இன்னொரு மாதிரி. ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் 1985இல் ஹைஸ்மன் வாங்கியவர், பேஸ்பாலிலும் கெட்டிக்காரர். டாம்பா பே ஃபுட்பால் அணி தன் விமானத்தில் அவரை அழைத்துப் போனது, அந்தப் பயணம் விதிமீறல் ஆகி, கல்லூரியின் கடைசி பேஸ்பால் சீசனை அவர் இழந்தார். 1986இல் அதே அணி முதல் ஆளாக அவரைத் தேர்ந்தெடுத்தும் போகவே இல்லை. கான்சஸ் சிட்டியின் பேஸ்பால் அணிக்குப் போய்விட்டார். மறு வருடம் வேறு ஒரு அணிக்காக ஃபுட்பாலுக்கும் வந்து, இரண்டையும் சேர்த்தே ஆடினார். 1991 ஜனவரியில் ஃபுட்பால் ஆட்டத்தில் இடுப்பு மூட்டு போனது. அதோடு ஃபுட்பால் முடிந்தது. செயற்கை மூட்டு வைத்துக்கொண்டு 1993இல் பேஸ்பாலுக்குத் திரும்பி, முதல் முறை மட்டையெடுத்த போதே, பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பி ஹோம் ரன் அடித்தார். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் மெய்சிலிர்க்கும். ஆனாலும் முன்பு ஆடிய பேஸ்பாலை அவரால் மறுபடி ஆட முடியவில்லை. இரண்டும் ஆடலாம் என்று அவரை உதாரணம் காட்டுகிறவர்கள் இந்தப் பாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒன்றில் பட்ட அடி, இன்னொன்றிலும் எடுத்துக்கொள்ளும்.

அதற்காக எல்லாரும் நாளைக்கே ஒன்றைத் தூக்கிப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்க வீராங்கனை ஜாக்கி ஜாய்னர் கெர்சி கல்லூரியில் பாஸ்கெட்பாலும் ஆடினார், தடகளமும் செய்தார். 1988 சியோல் ஒலிம்பிக்கில், ஏழு தடகளப் போட்டிகள் சேர்ந்த ஹெப்டத்லானில் அவர் எடுத்த 7,291 புள்ளிகளை இத்தனை வருடமாக யாரும் தாண்டவில்லை. சீசன்கள் ரொம்ப மோதவில்லை, உடம்பு கேட்கிறது, இரண்டு கோச்சும் பேசிக்கொள்கிறார்கள் என்றால் ஆடுங்கள். அவசரமே இல்லை.

"தப்பா எடுத்துட்டா என்ன சார்?" என்று கேட்பீர்கள். ஆஸ்திரேலிய டென்னிஸ் வீராங்கனை ஆஷ்லி பார்ட்டி 18 வயதில் டென்னிஸை விட்டு விலகினார். இடையில் பிரிஸ்பேன் அணிக்காக கிரிக்கெட் ஆடினார். 2016இல் டென்னிஸுக்குத் திரும்பினார், 2019இல் பிரெஞ்சு ஓபன், 2021இல் விம்பிள்டன், 2022இல் ஆஸ்திரேலிய ஓபன். 18 வயதில் மூடிய கதவு பூட்டிக்கொள்ளவில்லை, திறக்கத்தான் செய்தது. பெற்றோர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வையுங்கள். உதவித்தொகையை வைத்து முடிவு எடுக்கிறவர்கள், காயம் பட்டாலும் அது தொடருமா என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த மாணவிக்கு வருகிறேன். சீசன் முடிந்த வாரம் வந்தாள். "சார், நான் வாலிபால் ஆடுறேன்" என்றாள். ஏன் என்று கேட்டேன். மெடல், உயரம், வாய்ப்பு என்று ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது இது: "உயரம் தாண்டுறதுல ஜெயிச்சாலும் கடைசியில மூணு தடவை கம்பியைத் தட்டிவிட்டுட்டுதான் சார் வீட்டுக்குப் போறேன். அங்க கடைசிப் பந்து அந்தப் பக்கம் விழுந்தா ஆறு பேர் கட்டிப்பிடிச்சுக்கிறோம்."

இத்தனை வருடம் உயரம் தாண்டுதல் சொல்லிக்கொடுத்தவன் நான். முதல் பரிசு வாங்குகிறவரும் அடுத்த உயரத்தில் மூன்று முறை தவறிய பிறகுதான் பெரும்பாலும் ஆட்டத்தை முடிக்கிறார் என்பது எனக்குத் தெரியாததா? ஆனால் ஒரு பிள்ளைக்கு அது எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. சிலருக்கு அந்த மூன்றாவது தவறுதான் மறுநாள் காலையில் எழுப்பி ஓட வைக்கும். அவர்கள் கம்பிக்கு வரட்டும். அவளுக்கு அது பாரமாக இருந்தது. எந்தப் பரிசோதனையிலும், எந்த அளவு நாடாவிலும் எனக்கு அது கிடைத்திருக்காது.

அன்று அவள் நேராகக் கோர்ட்டுக்குப் போய்விடவில்லை. என்னோடு சேர்ந்து மெத்தைக்குத் தார்ப்பாய் போட்டுவிட்டு, அந்த நோட்டை என்னிடமே கொடுத்தாள். "அடுத்து வர்றவங்களுக்கு உதவும் சார்" என்றாள். உதவியது. என்னிடம் வருகிற யார் இன்னொரு விளையாட்டும் ஆடினாலும் முதல் வேலை அந்த எண்ணுகிற வேலைதான். தாவலோ, ஸ்பிரிண்டோ, தோள் வலிக்கப் பந்து எறிவதோ, எதுவானாலும் சரி.

முதலில் கை தூக்கினவர்கள் நாளையிலிருந்து ஒரு வாரம் எண்ணுங்கள். இரண்டு கிரவுண்டிலும் எண்ணுங்கள், ஒரே நோட்டில் எழுதுங்கள். அடுத்த வாரம் இதே நாள் மாலை நான் இங்கே இருப்பேன். உங்கள் இரண்டு கோச்சையும் ஒரே மேசையில் உட்கார வைப்பது என் பொறுப்பு. கூட்டல் போட்டுப் பார்த்துவிட்டு, யாரும் குறுக்கே பேசாமல், உங்களிடமே கேட்போம்.