சுரங்கத் தொழிலாளரின் மனைவியர்

அவையோருக்கு வணக்கம்.

விபத்தைப் பற்றிய ஓவியம் என்றதும் நெருப்பையும் புகையையும் எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். திரையில் தெரியும் படத்தில் இரண்டும் கிடையாது. அமெரிக்க ஓவியர் பென் ஷான் 1948 வாக்கில் வரைந்த ‘சுரங்கத் தொழிலாளரின் மனைவியர்’ இது. பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

முன்னால் நிற்பவளின் கைகளைப் பாருங்கள். முகத்துக்கு முன்பே அவைதான் கண்ணில் படுகின்றன. பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லாததால் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருக்கின்றன. பின்னால், குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு மூதாட்டி உட்கார்ந்திருக்கிறாள். தொங்கும் ஆண் உடைகளை, உலர்த்தப் போட்ட துணி என்று எண்ணிவிடாதீர்கள். சுரங்கத்தில் இறங்குமுன் தொழிலாளி தன் வெளியுடையைக் கழற்றிச் சங்கிலியில் மாட்டி மேலே இழுத்துவிடுவான். இல்லினாய் மாநிலம் சென்ட்ரேலியாவின் 5ஆம் எண் சுரங்கத்தில் 1947 மார்ச் 25 அன்று நிலக்கரித் தூசு வெடித்தது. ஓடிவந்த பெண்கள் அந்த உடைமாற்றும் கூடத்தில், அவரவர் கணவரின் உடைக்குக் கீழேயே உட்கார்ந்து காத்திருந்தார்கள். மாண்டவர்கள் 111 பேர்.

தூசைக் கூட்டி அகற்றி, சுண்ணாம்புக்கல் தூளைத் தூவியிருந்தால் வெடிப்பு அவ்வளவு தூரம் பரவியிருக்காது. இது அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். மாநில அரசின் சுரங்கப் பாதுகாப்பு ஆய்வாளர் டிரிஸ்கால் ஸ்கான்லன் ஆண்டுக்கணக்கில் அறிக்கை மேல் அறிக்கை எழுதினார். 1946 மார்ச்சில் தொழிற்சங்கத்தார் நால்வர் கையெழுத்திட்டு, எங்கள் உயிரைக் காப்பாற்றுங்கள் என்று ஆளுநருக்கே கடிதம் போட்டார்கள். நால்வரில் மூவர் அந்த வெடிப்பில் போய்விட்டார்கள். நிறுவனத்துக்கு விதிக்கப்பட்ட அபராதம் 1,000 டாலர். வகுத்துப் பாருங்கள், தலைக்கு ஒன்பது டாலர்!

இந்தக் கதை ஷானுக்கு அத்துப்படி. அமெரிக்காவின் ‘ஹார்ப்பர்ஸ்’ இதழில் இந்த விபத்தைப் பற்றி வந்த நீண்ட கட்டுரைக்குக் கோட்டோவியங்கள் வரைந்தவர் அவர். அதனால்தான் கதவுக்கு அப்பால் பார்க்கச் சொல்கிறேன். கறுப்பு உடையில் இருவர் நமக்கு முதுகைக் காட்டியபடி போகிறார்கள். யார் என்று ஓவியர் சொல்லவில்லை. சாவுச் செய்தி சொல்ல வந்த அதிகாரிகள் என்பது என் ஊகம். பார்த்தவர்கள் பலரும் கைகளிலேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு அந்த முதுகுகள்தான் முக்கியம். அவற்றை விரலால் மறைத்துப் பாருங்கள், விதவையின் துயரம் மட்டும் மிஞ்சும். நாமும் உச்சுக்கொட்டிவிட்டுப் போய்விடுவோம். விரலை எடுத்தால், அந்தக் கடிதத்துக்கு என்ன பதில் வந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.