எச்டி பேக்குக்குக் காசு கட்டிட்டு மஞ்ச ஒயர்ல படம் பாக்குறீங்களா?

வணக்கம் மக்களே! வீடியோவ பாஸ் பண்ணிட்டு எந்திரிச்சுப் போய் உங்க டிவிக்குப் பின்னாடி ஒரு தடவ எட்டிப் பாத்துட்டு வாங்க. செட்டாப் பாக்ஸ்ல இருந்து டிவிக்கு மஞ்சள், சிவப்பு, வெள்ளைன்னு மூணு ஒயர் போகுதா? அப்படின்னா மாசாமாசம் எச்டி சேனலுக்குக் கட்டுற காசு வீணாப் போகுது.

ஏன்னு சொல்றேன். சிவப்பும் வெள்ளையும் வெறும் சவுண்டு. படம் முழுக்க அந்த ஒத்த மஞ்ச ஒயர்லதான் வருது. வெளிச்சமும் கலரும் ஒண்ணாக் கலந்து வரும், டிவிதான் பிரிச்சு எடுக்கணும். அது சுத்தமா பிரியாது. நியூஸ் சேனல்ல கீழ ஓடுற எழுத்தோட ஓரத்துல புள்ளிபுள்ளியா ஊர்ந்துக்கிட்டே இருக்கும்ல, அதுக்குக் காரணம் இதுதான்.

அதவிட முக்கியம், அந்த ஒயர்ல 576 வரிக்கு மேல வராது. ஒரு வரிக்கு 720 புள்ளி, அத 576 ஆல பெருக்குங்க, ஏறக்குறைய 4 லட்சத்து 15 ஆயிரம் புள்ளி. ஃபுல் எச்டி 1920-க்கு 1080, அதாவது 20 லட்சத்து 73 ஆயிரம். அஞ்சுல ஒரு பங்குதான் வந்து சேருது, மீதிய டிவியே இட்டுக்கட்டி நிரப்புது. பழைய சின்ன டிவில இது கண்ணுக்குத் தெரியல. 43 இன்ச் வாங்கி மாட்டுனதும் பளிச்சுன்னு தெரியுது. உடனே கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போயிடுறோம், பாவம் அவரு.

பச்சை, நீலம், சிவப்புன்னு இன்னொரு செட் இருக்கு, காம்பொனென்ட். அது எச்டி தரும், ஆனா சவுண்டுக்குத் தனி ஒயர் போடணும். புது டிவி பலதுல அந்த ஓட்டையே கிடையாது. விட்டுருவோம்.

அப்போ ஹெச்டிஎம்ஐ. 2002-ல வந்தது, படம் சவுண்டு ரெண்டும் ஒரே கேபிள்ல, முழுக்க டிஜிட்டல். கடையில என்ன பண்ணுவாங்கன்னா, தங்க முலாம் பூசினது, கலர் அள்ளும்னு விலை கூடின ஒண்ண எடுத்துக் காட்டுவாங்க. தங்க முலாம் துருப்பிடிக்காம இருக்கத்தான். தூத்துக்குடி மாதிரி உப்புக்காத்து அடிக்கிற ஊர்ல இருந்தா அது நல்லதுதான், ஒத்துக்குறேன். கலருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. டிஜிட்டல்ல சிக்னல் ஒழுங்கா வந்துட்டா சாதா கேபிள்லயும் அதே படம்தான். கேபிள் சரியில்லன்னா வெள்ளை வெள்ளையா பொறி பறக்கும், இல்ல திரை கறுத்துக் கறுத்து வரும். ‘கொஞ்சம் மங்கலா இருக்கு’ங்கிற கதை இதுல நடக்காது.

கவர்ல 2.0, 2.1-ன்னு போட்டிருக்கிறத நம்பி வாங்காதீங்க, அந்த நம்பர் டிவிக்கும் பாக்ஸுக்கும் உரியது. கேபிளுக்குப் பாக்க வேண்டியது அதோட வகை. ஹை ஸ்பீடுன்னா விநாடிக்கு 10.2 ஜிகாபிட் டேட்டா போகும். ஃபுல் எச்டிக்கு அதுல பாதிகூட வேணாம், அதனால டிடிஎச் பாக்ஸுக்கு இதுவே தாராளம். 4கே ஓடிடி ஸ்டிக், பிளேயர் இருந்தா பிரீமியம் ஹை ஸ்பீடு, 18 ஜிகாபிட். 48 ஜிகாபிட் அல்ட்ரா ஹை ஸ்பீடு யாருக்குன்னா, பிளேஸ்டேஷன் 5-ல 4கே படத்த விநாடிக்கு 120 ஃபிரேம்ல ஓட்டி விளையாடுற தம்பிகளுக்கு. பிரீமியம், அல்ட்ரா இந்த ரெண்டையும் வாங்குறப்ப கவர்ல ஸ்கேன் பண்ற லேபிள் இருக்கான்னு பாத்துக்கோங்க.

கேபிள் மாத்தியும் படம் அப்படியேதான் இருக்குன்னு சிலர் சொல்வீங்க. பாக்ஸ் மெனுவுல வீடியோ செட்டிங் போங்க, 576-லயே நிக்கும். 1080-க்கு மாத்துங்க. அப்புறம் சேனல் நம்பரும் எச்டி நம்பர்தானான்னு பாருங்க. பழக்கதோஷத்துல பழைய நம்பரையே அமுக்கிட்டு இருப்போம்.

சவுண்ட்பார் வச்சிருக்கவங்க டிவில ஏஆர்சின்னு எழுதியிருக்கிற போர்ட்லதான் அத மாட்டணும். புரொஜெக்டருக்கு 10, 15 மீட்டர் இழுக்குறவங்க ஆப்டிகல் ஹெச்டிஎம்ஐ கேபிளுக்குப் போயிடுங்க. அதுல ஒரு முனை சோர்ஸ், இன்னொண்ணு டிஸ்ப்ளே. மாத்திச் சொருகினா படமே வராது, டூப்ளிகேட்னு திருப்பி அனுப்பிடாதீங்க. செட்டிங் எங்க இருக்குன்னு தெரியலன்னா பாக்ஸ் மாடல் நம்பர கமென்ட்ல போடுங்க, பாத்துச் சொல்றேன்.