சந்திரசேகரை 'இளம் துருக்கியர்' என்று அழைத்தது ஏன்?

நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: முன்னாள் பிரதமர் சந்திரசேகரைப் பழைய செய்திகளில் 'இளம் துருக்கியர்', 'யங் டர்க்' என்றெல்லாம் குறிப்பிடுகிறார்களே, உத்தரப் பிரதேசத்து பலியா மாவட்டத்துக்காரருக்கும் துருக்கிக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் பெயரளவில்தான். துருக்கியை ஆண்ட ஒட்டோமான் பேரரசின் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது, 1876-இல் வந்த அரசியலமைப்புச் சட்டத்தை இரண்டே ஆண்டுகளில் முடக்கிவிட்டுத் தனியாட்சி நடத்திவந்தார். அவரை எதிர்த்து, 1889-இல் இஸ்தான்புல் இராணுவ மருத்துவக் கல்லூரி மாணவர்கள் சிலர் ஒரு இரகசியச் சங்கத்தைத் தொடங்கினார்கள். இவர்களும் இவர்கள் வழியில் வந்தவர்களும்தான் 'இளம் துருக்கியர்' என்று அழைக்கப்பட்டார்கள். அவர்களில் அல்பேனியரும் குர்தியரும் இருந்தார்கள் என்பதால், 'துருக்கியர்' என்ற பெயர் தொடக்கத்திலேயே அவ்வளவாகப் பொருந்தவில்லை. 1908 ஜூலையில் மாசிடோனியாவில் இருந்த, அந்தச் சங்கத்தைச் சேர்ந்த படை அதிகாரிகள் கிளர்ந்தெழுந்த பிறகு, சுல்தான் அந்தச் சட்டத்தை மீண்டும் நடைமுறைப்படுத்த வேண்டியதாயிற்று. பேரரசை உடைப்பது அவர்கள் நோக்கமல்ல, உள்ளிருந்தே அதைச் சீர்திருத்துவதுதான் என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

1960-களின் இறுதியில் காங்கிரசுக்குள் சந்திரசேகர், மோகன் தாரியா, கிருஷ்ண காந்த் முதலானோர் செய்ததும் அத்தகையதே. வங்கிகளை அரசுடைமையாக்க வேண்டும், முன்னாள் சமஸ்தான மன்னர்களுக்கு அரசு கொடுத்துவந்த மன்னர் மானியத்தை ஒழிக்க வேண்டும் என்று கட்சியில் இருந்துகொண்டே அவர்கள் நெருக்கினார்கள். 1969 ஜூலையில் 14 வங்கிகள் அரசுடைமையானபோது சந்திரசேகருக்கு வயது 42. ஆகவே 'இளம்' என்பதை வயதாகக் கொள்ள வேண்டியதில்லை. காமராஜர் உள்ளிட்ட மூத்த தலைவர்களோடு மோதிய இந்திரா காந்திக்கு அன்று இவர்களின் குரல் வசதியாக இருந்தது. அதே குரல் பின்னர் அவரையே கேள்வி கேட்டபோது, காங்கிரஸ் செயற்குழு உறுப்பினராக இருந்த சந்திரசேகர் 1975 ஜூனில், நெருக்கடி நிலையின்போது, சிறைக்குப் போனார்.

இன்று தலைவரின் மகன் பதவிக்கு வந்தாலும் 'இளம் துருக்கியர்' என்று எழுதிவிடுகிறார்கள். என் கருத்தில் அது பிழையான பயன்பாடு. தன் கட்சித் தலைமையைக் கொள்கைக்காக உள்ளிருந்து எதிர்ப்பவருக்கே அந்தப் பெயர் பொருந்தும். பாராட்டாகச் சொல்லும்போதும் சற்று யோசிக்க வேண்டும். ஏனென்றால், 1913-இல் ஆயுதமுனையில் ஆட்சியைக் கைப்பற்றிய அதே சங்கத்தின் தலைவர்கள்தான், 1915-இல் தொடங்கிய ஆர்மீனிய இனப்படுகொலைக்கும் பொறுப்பானவர்கள்.