இடுப்பளவுச் செடி, பழங்காலச் சுவை

நேயர்களுக்கு வணக்கம். ஆஸ்திரேலியாவில் வாழும் தமிழ் நேயர்களுக்கான இந்தத் தோட்டக்கலை வரிசையில் தக்காளியைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். விஞ்ஞானக் கூடமோ பெரிய பண்ணையோ இல்லாத சாதாரண வீட்டுத் தோட்டக்காரர்கள் ஒன்றுசேர்ந்து, புதிய குட்டைத் தக்காளி வகைகளை உருவாக்கி, அவற்றைத் தலைமுறை தலைமுறையாக நிலைப்படுத்தி, எவரும் பயிரிடலாம் என்று உலகத்துக்குக் கொடுத்த ஒரு முயற்சியைப் பற்றிச் சொல்ல இந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்கிறேன். அந்த முயற்சியில் பாதி, நாம் குடியிருக்கும் இந்த நாட்டின் மண்ணில் நடந்தது.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ராலி நகரில் வாழ்ந்த கிரெய்க் லெஹூலியர் தொழிலால் வேதியியலாளர். மருந்துத் துறையில் பணியாற்றியவர். தக்காளிப் பிரியர்களிடையே அவர் பெயர் வேறு காரணத்தால் முன்பே அறிமுகமாகியிருந்தது. 1990இல் டென்னசியிலிருந்து கடிதத்தோடு வந்து சேர்ந்த பெயரில்லாத விதைகளை வளர்த்துப் பார்த்து, அந்த ஊதாநிறத் தக்காளிக்கு ‘செரோக்கி பர்ப்பிள்’ என்று பெயரிட்டுப் பரப்பியவர் அவர்தான். பழைய பாரம்பரிய வகைகளின் சுவையில் தோய்ந்த அவருக்கு அவற்றின் உயரம் இடைஞ்சலாக இருந்தது. அவை ஆறடி, எட்டடி என்று ஏறிக்கொண்டே போகின்றன. வீட்டு முகப்பில் கார் நிற்கும் இடத்தில் தொட்டிகளை வரிசையாக வைத்துத் தோட்டம் போடும் ஒருவர் அத்தனை செடிகளுக்கும் கொம்பு நட்டுக் கட்டி மாளாது.

இதே கவலை தெற்கு ஆஸ்திரேலியாவில் பேட்ரினா நுஸ்கே ஸ்மால் என்ற தோட்டக்காரருக்கும் இருந்தது. 2005ஆம் ஆண்டளவில் இருவருடைய எண்ணமும் ஒன்றாகிப் பேச்சு செயலாக மாறியது. பேட்ரினா தக்காளிப் பூக்களைக் கலப்புச் செய்யும் நுட்பத்தைத் தாமாகவே பழகிக்கொண்டு, தொடக்கக் கலப்புகள் பலவற்றைத் தம் கையாலேயே செய்தார்.

அவர்கள் கையில் எடுத்த குட்டைச் செடி புதிய கண்டுபிடிப்பு அல்ல. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரான்சில், லாய் என்ற மாளிகையின் தோட்டத்தில், கொம்பு இல்லாமலேயே நிமிர்ந்து நிற்கும் தக்காளிச் செடி ஒன்று தோன்றியது. பிறகு அமெரிக்காவில் ‘ட்வார்ஃப் சாம்பியன்’ வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிச்சிகனைச் சேர்ந்த இஸ்பெல் விதை நிறுவனம், பெரும்பழம் காய்க்கும் ‘பாண்டரோசா’வையும் ‘ட்வார்ஃப் சாம்பிய’னையும் இணைத்து ‘நியூ பிக் ட்வார்ஃப்’ என்ற வகையை வெளியிட்டது. பழைய விதைப் பட்டியல்களை விரும்பிப் படிக்கும் லெஹூலியருக்கு இது ஒரு தடயமாகப் பட்டது. நெட்டைச் செடியின் பழத்தைக் குட்டைச் செடிக்குக் கொண்டுவர முடியும் என்பதை ஒருவர் ஏற்கெனவே செய்து காட்டியிருக்க, அந்த வழியில் பிறகு அதிகம் பேர் நடக்காததுதான் வியப்பு.

குட்டைச் செடி என்றதும் கடையில் விற்கும் புதர்த் தக்காளியை நினைத்துவிடக் கூடாது. புதர்த் தக்காளி, 1914இல் ஃபுளோரிடாவில் தென்பட்ட ஒரு மரபணு மாற்றத்தின் வழி வந்தது. அதன் கிளை நுனி பூங்கொத்தில் முடிந்து வளர்ச்சி நின்றுவிடும். பழமெல்லாம் சில வாரங்களுக்குள் ஒன்றாகப் பழுத்து ஓயும். தொழிற்சாலைக்கு அது வசதி. அன்றாடம் சமையலுக்கு இரண்டு பழம் பறிக்க வேண்டிய வீட்டுக்கு அவ்வளவு வசதி இல்லை. நான் சொல்லும் குட்டைச் செடியோ பருவம் முடியும்வரை வளர்ந்துகொண்டே, காய்த்துக்கொண்டே இருக்கும், வளர்வதுதான் மெதுவாக. செடியை நீட்டி வளர்க்கும் பிராசினோஸ்டீராய்டு என்ற தாவர இயக்குநீரை உருவாக்குவதில் பங்குகொள்ளும் ஒரு மரபணு இதில் குறைபட்டிருக்கிறது. அதனால் கணுக்களின் இடைவெளி சுருங்கி, தண்டு பருத்து, இலை கரும்பச்சையாகி, இஸ்திரி போடாத பருத்தித் துணியைப்போல் சுருக்கம் விழுந்து நிற்கும். பெரும்பாலானவை இடுப்பளவு, மிஞ்சினால் நான்கடி. இருபது லிட்டர் தொட்டியும் ஒரு சிறு கொம்பும் போதும்.

கலப்புச் செய்யும் முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். கேட்பவர்களில் ஒருவராவது செய்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

தக்காளிப் பூ தன் மகரந்தத்தால் தானே சூல் கொள்வது. மஞ்சள் கூம்பாக ஒட்டிக்கொண்டிருக்கும் மகரந்தப் பைகளுக்கு உள்ளே சூல்தண்டு மறைந்திருப்பதால், பூ விரிந்த பிறகு கை வைத்துப் பயனில்லை. விரிவதற்கு ஒரு நாள் முன்னதாக, புறவிதழ்கள் விலகத் தொடங்கி, இதழ்கள் வெளிர்மஞ்சளாக எட்டிப்பார்க்கும் மொட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கூர்மையான சாமணத்தால் இதழ்களோடு மகரந்தக் கூம்பையும் துண்டு துண்டாகப் பிய்த்து எடுத்துவிட்டால், நடுவில் பச்சை நூல்போல் சூல்தண்டும் அதன் நுனியில் சிறு குமிழான சூல்முடியும் மட்டும் நிற்கும். பிறகு, தந்தையாகப்போகும் செடியில் நன்கு விரிந்த பூவைப் பறித்து, மின்சாரப் பல்துலக்கியின் பின்புறத்தைக் காம்பில் வைத்து அதிரவிட்டால், கீழே பிடித்திருக்கும் கறுப்பு மூடியில் வெண்பொடி உதிரும். அந்தப் பொடியில் சூல்முடி படும்படி மெல்லத் தொட்டு, காம்பில் நூல் கட்டி அடையாளமிட வேண்டும். ஒரு வாரத்துக்குள் பிஞ்சு பருக்கத் தொடங்கினால் கலப்பு பிடித்துவிட்டது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. குட்டைச் செடியைத் தாயாகவும் நெட்டைச் செடியைத் தந்தையாகவும் வைத்துக்கொள்வது நல்லது. குட்டைத்தன்மை ஒடுங்குபண்பு, அதாவது தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படுவது. நெட்டைத்தன்மை ஓங்குபண்பு, ஒருவரிடமிருந்து வந்தாலே வெளிப்படுவது. குட்டைத் தாயின் விதையிலிருந்து முளைத்த நாற்று நெட்டையாக வந்தால், அது உண்மையான கலப்பு என்பதற்கு வேறு சான்று வேண்டாம். குட்டையாக வந்தால், நமக்குத் தெரியாமல் பூ தன் மகரந்தத்தையே ஏற்றுவிட்டது என்று பொருள். சோதனைக்கூடம் இல்லாதவர்களுக்கு இது பெரிய வரம்.

முதல் தலைமுறைச் செடிகளெல்லாம் நெட்டையாகவும் ஒன்றுபோலவும் இருக்கும். ஒன்றிரண்டு செடி வளர்த்தாலே நூற்றுக்கணக்கான விதை கிடைத்துவிடும். இரண்டாம் தலைமுறையில்தான் மறைந்திருந்ததெல்லாம் வெளியே வருகிறது. நாற்பது விதைகளைத் தட்டில் விதைத்தால் ஏறத்தாழப் பத்து குட்டையாக வரும். அவை சில அங்குல உயரத்திலேயே தெரிந்துவிடுகின்றன. பக்கத்து நாற்றுகள் வெளிச்சத்தை நோக்கி நீண்டு செல்லும்போது, இவை மட்டும் தட்டோடு தட்டாக, தடித்த தண்டோடு, கருத்த இலையோடு உட்கார்ந்திருக்கும். நெட்டை நாற்றுகளை அங்கேயே கழித்துவிடலாம். பழம் பார்க்கும்வரை காத்திருக்காமல், தோட்டத்தில் இடம் எடுத்துக்கொள்வதற்கு முன்பே முக்கால் பங்கைக் கழிக்க முடிவதால்தான், சிறிய இடம் வைத்திருப்பவர்களால் இந்தப் பணியைச் செய்ய முடிந்தது.

ஆனாலும் மீதிக் கணக்கு கடுமையானது. ஊதாநிறப் பழம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழுத்த பிறகும் பச்சையம் சதையில் தங்கியிருக்க ஒரு ஒடுங்குபண்பு வேண்டும். தோல் நிறமற்றிருக்க இன்னொன்று வேண்டும். குட்டை நாற்றுகளிலேயே பதினாறில் ஒன்றுக்குத்தான் இரண்டும் சேர்ந்து அமையும். அப்படி ஒரு செடியாவது நிச்சயமாக அகப்பட வேண்டும், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாய்ப்பாவது இருக்க வேண்டும் என்றால், ஏறத்தாழ 47 குட்டைச் செடிகளைப் பழம் வரும்வரை வளர்க்க வேண்டும். அகப்பட்ட ஒன்றின் சுவை நன்றாக இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 47 தொட்டிகளுக்கு எந்த வீட்டில் இடம் இருக்கிறது? அதே நேரத்தில், எட்டு வீட்டில் ஆறு ஆறு தொட்டி என்றால் சிரமமே இல்லை. ஒரே கலப்பின் விதைகளைப் பலருக்குப் பிரித்துக் கொடுத்து, ஒவ்வொருவரும் தாம் கண்டதை நிறம், எடை, இலை, சுவை என்று எழுதி அனுப்புவதே இந்தத் திட்டத்தின் உயிர். என் கருத்தில் லெஹூலியரும் பேட்ரினாவும் செய்த பெருஞ்செயல், கலப்பைவிட இந்தப் பகிர்வைக் கட்டியெழுப்பியதுதான்.

அதற்கு மேல் பருவங்களின் உதவி வேறு. வட கரோலினாவில் செப்டம்பரில் பறித்த பழத்தின் விதை நமது வசந்தத்தில் இங்கே முளைத்தது. இங்கே பிப்ரவரியில் கிடைத்த விதை அங்கே அடுத்த விதைப்புக்குப் போய்ச் சேர்ந்தது. ஆண்டுக்கு ஒரு தலைமுறை என்பது இரண்டாயிற்று.

நிலைப்படுத்துதல் என்று ஏன் இத்தனை தலைமுறை வளர்க்க வேண்டும் என்று சிலர் கேட்பதுண்டு. முதல் தலைமுறையில் பெற்றோர் வேறுபடும் இடங்களிலெல்லாம் மரபணு இணை கலந்திருக்கிறது. தன் மகரந்தச் சேர்க்கையால் ஒவ்வொரு தலைமுறைக்கும் அந்தக் கலப்பு பாதியாகக் குறைகிறது. ஐந்தாம் தலைமுறையில் நூற்றுக்கு ஆறு. எட்டாம் தலைமுறையில் ஒன்றுக்கும் கீழே. ஒடுங்குபண்புகள் கண்ணுக்குத் தெரிந்த அன்றே நிலைத்துவிடும்: குட்டை குட்டைதான், உருளைக்கிழங்கு இலை போன்ற விளிம்பு வெட்டில்லாத இலை இனி மாறாது. சிவப்புச் சதை போன்ற ஓங்குபண்புகளோ அடியில் மஞ்சளை ஒளித்துவைத்து, ஆறாம் தலைமுறையில்கூட எடுத்து நீட்டும். சுவை இன்னும் சிக்கலானது. சர்க்கரை, புளிப்பு, மணம் என்று பல மரபணுக்கள் சேர்ந்து செய்வது அது. செடியைப் பார்த்துச் சொல்ல வழியே இல்லை. ஒவ்வொரு செடியின் பழத்தையும் கடித்துப் பார்த்து, கண்ணுக்கு அழகாக இருப்பதையும் நாக்கு ஒப்பாவிட்டால் கைவிட வேண்டும். கைவிடத் தெரிந்தவர்களால்தான் நல்ல வகைகள் வந்தன. கடைசியில் பல ஊர்த் தோட்டங்களில் வளர்த்துப் பார்த்து, எல்லாச் செடியும் ஒரே மாதிரி இருந்தால்தான் பெயர் சூட்டினார்கள்.

2010ஆம் ஆண்டளவில் முதல் வகைகள் சிறிய விதை நிறுவனங்கள் வழியாக வெளிவரத் தொடங்கின. இன்று அவை நூற்றுக்கும் மேல். பெயர்களைக் கேட்டாலே எந்தெந்த ஊர்க் கைகள் பட்டிருக்கின்றன என்று ஊகிக்கலாம்: ‘டாஸ்மேனியன் சாக்லேட்’, ‘பெர்த் பிரைட்’, பரோசா பள்ளத்தாக்கின் ஊர்ப்பெயர் தாங்கிய ‘தனுண்டா ரெட்’, அலாஸ்காவின் பனிச்சறுக்கு வண்டிப் பந்தயத்தை நினைவூட்டும் ‘இடிட்டராட் ரெட்’. ‘உலுரு ஓக்கர்’ என்பதன் பழம் ஆரஞ்சும் பச்சையும் கலந்து மங்கிய காவிநிறம் காட்டும். அந்த நிறத்தில் வேறு தக்காளியை நான் பார்த்ததில்லை. என் பால்கனியில் ஆண்டுதோறும் தவறாமல் இடம் பெறுவது ‘ரோசெல்லா பர்ப்பிள்’. அதன் சாறு நிறைந்த சதையையும், இனிப்பும் புளிப்பும் சேர்ந்த ஆழ்ந்த சுவையையும் ‘செரோக்கி பர்ப்பி’ளுக்கு அருகில் வைத்துப் பேசுபவர்கள் மிகைப்படுத்தவில்லை.

இவ்வளவு உழைத்தவர்கள் யாருக்கும் சம்பளம் இல்லை. வகைகளுக்குக் காப்புரிமையும் இல்லை. திறந்த மூல விதை முன்முயற்சி என்ற அமைப்பு அமெரிக்காவில் 2014இல் முதல் விதைகளை வெளியிட்டபோது ஓர் உறுதிமொழியை முன்வைத்தது. இந்த விதையை எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், சேமிக்கலாம், விற்கலாம், புதிய வகையும் உருவாக்கலாம். ஆனால் இதையோ இதன் வழிவந்ததையோ பிறர் பயன்படுத்தத் தடை போடக் கூடாது என்பதே அதன் சாரம். குட்டைத் தக்காளி வகைகள் பல இந்த உறுதிமொழிக்குக் கீழ் வந்தன. விதை என்பது ஆண்டுதோறும் கடையில் வாங்கும் பொருளாகிப்போன காலத்தில், இதை நான் மிகவும் மதிக்கிறேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளில் சில ஒன்றுக்கொன்று வேறுபாடே தெரியாத அளவுக்கு நெருங்கியவை. எண்ணிக்கையைக் குறைத்திருக்கலாம் என்பது என் எண்ணம். இலைகள் நெருக்கமாக அடுக்கிய செடியாதலால் நடுவில் காற்றோட்டம் குறைந்து, ஈரமான கோடையில் இலைப்புள்ளி நோய் எளிதில் பற்றும். அடியிலைகளைக் கிள்ளிவிட்டு, தண்ணீரை இலையில் படாமல் மண்ணில் ஊற்றுங்கள்.

செய்து பார்க்க விரும்புபவர்கள் இங்கேயே விற்கும் விதைகளை வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து அஞ்சலில் வரவழைக்க உயிரியல் பாதுகாப்பு விதிகள் உண்டு. பிடித்த ஒரு குட்டை வகையையும், ஊரிலிருந்து வந்த உறவினர்கள் ‘இதுதான் தக்காளி’ என்று மெச்சும் அளவுக்குப் புளிப்பான ஒரு நெட்டை வகையையும் செப்டம்பரில் விதையுங்கள். ரசத்துக்கு ஏற்ற புளிப்புள்ள ஒரு குட்டைத் தக்காளி நம் சமையலறைகளுக்குத் தேவை. அதைத் தேடித் தேர்ந்தெடுக்க அந்தச் சுவை அறிந்த நாக்குகள் வேண்டும். டிசம்பரில் சேர்த்த பூ பிப்ரவரிக்குள் பழுத்துவிடும். விதையை அதன் சாற்றிலேயே மூன்று நாள் புளிக்கவிட்டு, அலசிக் காயவைத்து, முதல் தலைமுறைச் செடியைக் குளிர்காலத்தில் வெயில் விழும் ஜன்னலோரம் வளர்க்க முடிந்தால், அடுத்த வசந்தத்திலேயே நாற்றுத் தட்டில் குட்டையும் நெட்டையும் பிரிவதைப் பார்க்கலாம். செடிகளின் பெயர்ச்சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை வெயிலில் ஒரு மாதம்கூடத் தாங்காது. வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.